உணவே மருந்து என்றால், எத்தனை உருண்டை?

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் யாருக்காவது சுகர் என்று தெரிந்துவிட்டால், மாத்திரைச் சீட்டு வீட்டுக்கு வருவதற்குள் அறிவுரை வந்துவிடும். "அரிசிச் சோத்தை விட்டுடு, ராகிக் களி தின்னு. நம்ம தாத்தன் பாட்டனுக்கெல்லாம் சுகரா இருந்துச்சு?" பெரியப்பாவுக்கும் இதைத்தான் சொன்னார்கள். அவரும் கேட்டுக்கொண்டார். காலையில் கூழ், மதியம் மூன்று உருண்டை, ராத்திரி இரண்டு. களிதானே சாப்பிடுகிறோம் என்ற தைரியத்தில் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஐந்து மாதம் கழித்து, செருப்பு கடித்த புண் ஆறாமல் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. அங்கிருந்த டாக்டர் திட்டவில்லை. "களி நல்லதுதாங்க ஐயா. எத்தனை உருண்டை?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. உணவே மருந்து என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். நானும் அதை நம்புகிறவன்தான். ஆனால் ஒரு மாத்திரையைக் கையில் வாங்கினால் நாம் என்னவெல்லாம் கேட்போம்? எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எத்தனை நாள், வேறு மாத்திரையோடு சேருமா, யாருக்கு ஆகாது என்று கேட்போம். உணவை மருந்து என்று அழைத்துவிட்டு இந்தக் கேள்விகளை மட்டும் விட்டுவிடுகிறோம். நல்லவேளையாக, கடந்த நாற்பது ஆண்டுகளில் பல நாட்டு ஆய்வாளர்கள் இவற்றை விடாமல் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதில்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களான நமக்கு எப்படிப் பொருந்துகின்றன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்பிக்கை தரும் செய்தி. 2017-ல் பிரிட்டனில் 'டைரக்ட்' என்ற ஆய்வின் முதல் முடிவு வெளியானது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மைக் லீனும் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லரும் முன்நின்று நடத்திய ஆய்வு அது. பெரிய மருத்துவமனைகளில் நடக்கவில்லை. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற 49 குடும்ப மருத்துவர் நிலையங்களில் நடந்தது. மொத்தம் 306 பேர். எல்லோருக்கும் சுகர் வந்து ஆறு வருடத்துக்குள்தான் ஆகியிருந்தது. யாரும் இன்சுலின் போடாதவர்கள். எல்லோரும் எடை கூடியவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது. மறுபாதிக்கு, மருத்துவக் கண்காணிப்போடு சுகர், பிரஷர் மாத்திரைகளை முதல் நாளே நிறுத்திவிட்டு, மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் கொடுத்தார்கள். அதுவும் சூப், ஷேக் வடிவத்தில். அப்புறம் படிப்படியாக வழக்கமான சாப்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வருட முடிவில் அந்தப் பாதியில் 46 சதவீதம் பேருக்கு, மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய்க்கான வரம்புக்குக் கீழே அளவு இறங்கியிருந்தது. வழக்கமான சிகிச்சை எடுத்த பக்கத்தில் இது 4 சதவீதம்தான்.

சர்க்கரை நோய் வந்தால் சாகும்வரை கூடிக்கொண்டே போகும் என்றுதான் அதுவரை மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். அந்த நினைப்பை இந்த ஆய்வு அசைத்துவிட்டது. ஆனால் ஆய்வாளர்கள் 'குணமாயிற்று' என்ற சொல்லைத் தொடவில்லை. 'ரெமிஷன்' என்றார்கள். தமிழில் தணிவு எனலாம். அடுப்பைத் தணித்து வைப்பதுபோல. நெருப்பு உள்ளே இருக்கிறது. இரண்டாம் வருடம் தணிவில் இருந்தவர்கள் 36 சதவீதம். ஐந்தாம் வருடம்வரை தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம். எடை திரும்பியவர்களுக்குச் சர்க்கரையும் திரும்பிவிட்டது.

இதில் என் மனதில் தங்கியது இன்னொரு எண். முதல் வருடத்தில் 15 கிலோவுக்கு மேல் எடை குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்குத் தணிவு கிடைத்தது. எடை கொஞ்சமும் குறையாதவர்களில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை. அப்படியென்றால் வேலை செய்தது சூப்பில் இருந்த ஏதோ ஒரு சத்து இல்லை, உடம்பிலிருந்து இறங்கிய கொழுப்பு. டெய்லர் இதற்கு முன்பே, 2011-ல், 11 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு செய்திருந்தார். கடுமையாகக் குறைத்த உணவில் ஏழே நாளில் அவர்களின் வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியான அளவுக்கு வந்துவிட்டது. கல்லீரலில் தேங்கிய கொழுப்பு முதலில் கரைந்தது. சில வாரங்களில் கணையத்தில் இருந்த கொழுப்பும் குறைந்து, இன்சுலின் சுரப்பு மீண்டது. தேவைக்கு மேல் வருடக்கணக்கில் சாப்பிட்டது கல்லீரலில் கொழுப்பாக நிற்கிறது, அது நிரம்பி வழிந்து கணையத்தில் ஏறுகிறது, கணையம் சோர்ந்துபோகிறது. டெய்லர் சொல்லும் விளக்கம் இதுதான்.

இங்கே பெரியப்பாவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் ராகி மாவில் சுமார் 320 கலோரி. பெரியம்மா பிடிக்கும் உருண்டைக்குக் குறைந்தது அவ்வளவு மாவாவது போகும். ஐந்து உருண்டை என்றால் குழம்பையும் காலைக் கூழையும் சேர்க்காமலே 1,600. டைரக்ட் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் நாள் முழுக்கச் சாப்பிட்டதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தானியம் மாறியது, அளவு மாறவில்லை.

"அவங்கெல்லாம் குண்டு. நம்ம ஆளுங்க ஒல்லிதானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மவர்களுக்குக் கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும். தராசில் எடை குறைவாக இருந்தாலும் கல்லீரலில் கொழுப்பு இருக்கலாம். இதற்காகவே டெய்லர் குழு, எடை அதிகமில்லாத 20 சர்க்கரை நோயாளிகளை வைத்து இன்னொரு ஆய்வு செய்து 2023-ல் வெளியிட்டது. அவர்களில் 14 பேருக்குத் தணிவு கிடைத்தது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்ததே போதுமானதாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் ஒவ்வொருவருக்கும் அவரவர் உடம்பு தாங்கும் கொழுப்புக்கு ஒரு எல்லை உண்டு, அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும் என்பது அதில் தெரிகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். குவாரியில் கல் அறுத்து, பட்டினியும் பாதியுமாக வளர்ந்து, எலும்பும் தோலுமாக இருக்கிற ஒருவருக்குச் சுகர் வந்து, இருக்கிற எடையும் தானாகக் குறைகிறது என்றால், அவருக்கு இந்த வைத்தியம் ஆகாது. அவர் உடம்பில் இன்சுலினே போதவில்லை என்று அர்த்தம். டைப் 1 சர்க்கரை உள்ள குழந்தைகளுக்கும் அப்படித்தான். எந்தக் களியும் எந்தக் கஷாயமும் இன்சுலினுக்கு மாற்றாகாது. அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டே சாப்பாட்டைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால் சர்க்கரை கீழே இறங்கி, வேர்த்து, மயங்கி விழ நேரும். டைரக்ட் ஆய்வில் மாத்திரையை நிறுத்தியதும் மருத்துவர்தான், பின்னால் தேவைப்பட்டவர்களுக்கு மறுபடியும் தொடங்கியதும் மருத்துவர்தான். பெரியப்பா விஷயத்தில் அதைச் செய்தது பக்கத்து வீட்டுத் திண்ணை.

வருமுன் காத்தவர்கள்

நோய் வந்தபின் தணிப்பதைவிட, எல்லையில் நிற்பவர்களைத் தடுத்து நிறுத்துவதில் ஆய்வுகளுக்கு வரலாறு நீளம். சீனாவின் டாச்சிங் நகரில் 1986-ல், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 577 பேரோடு ஒரு ஆய்வு தொடங்கியது. ஆறு வருடம் உணவிலும் உடற்பயிற்சியிலும் வழிகாட்டினார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பார்த்தபோது, வழிகாட்டல் பெற்றவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது கிட்டத்தட்ட நான்கு வருடம் தள்ளிப்போயிருந்தது. மாரடைப்பு, பக்கவாதம், கண் பாதிப்பு எல்லாமே அவர்களுக்குக் குறைவு. 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 7 சதவீத எடைக் குறைப்பும் வாரம் 150 நிமிட நடையும் இலக்கு. நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்தவர்களுக்கு அது 31 சதவீதம்தான்.

நமக்கு நெருக்கமானது சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு. விளிம்பில் இருந்த 531 பேர். சும்மா விடப்பட்டவர்களில் மூன்று வருடத்துக்குள் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. இந்த வேகத்தைப் பாருங்கள். வெள்ளைக்காரர்களிடம் இவ்வளவு வேகம் இல்லை. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் அது 39 சதவீதம். மாத்திரை எடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதேதான். இரண்டையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. இதில் ஆச்சரியமான சங்கதி, இவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை. எடை குறையாமலே பலன் கிடைத்தது. எல்லையில் நிற்கும் ஒல்லியான ஒருவருக்கு நடப்பதும் சாப்பாட்டைச் சீராக்குவதுமே மருந்தாக வேலை செய்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ள 5,145 பேரை வைத்து நடந்த 'லுக் அஹெட்' ஆய்வு, தீவிரமான உணவு, உடற்பயிற்சித் திட்டம் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்குமா என்று கேட்டது. பத்து வருடம் நெருங்கும்போது, 2012-ல், குறையவில்லை என்று தெரிந்து முன்கூட்டியே நிறுத்தினார்கள். அவர்களுக்கு மருந்துத் தேவை குறைந்தது, தூக்கம் சீரானது, நடமாட்டம் மேம்பட்டது. ஆனால் இதயத்தைக் காப்பதற்கு அது மட்டும் போதவில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் 'இயற்கைக்கு விரோதம்' என்று தூக்கி எறிகிறவர்கள் இந்த ஒரு ஆய்வையாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்குச் சரியாச்சு" என்ற பேச்சையும் இங்கேயே பார்த்துவிடலாம். டைரக்ட் ஆய்வில் ஒன்றுமே மாற்றாத பக்கத்திலும் நூற்றுக்கு நான்கு பேருக்குத் தணிவு வந்ததல்லவா? அந்த நான்கு பேரில் ஒருவர் அன்று ஆவாரம்பூ டீ குடித்திருந்தால், ஊர் முழுக்க ஆவாரம்பூதான் பேச்சாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கூட்டம் வேண்டும், யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்யவேண்டும். ஸ்பெயினில் 7,447 பேரை வைத்து ஆலிவ் எண்ணெயும் கொட்டைகளும் இதயத்துக்கு நல்லதா என்று பார்த்த 'ப்ரெடிமெட்' என்ற பெரிய ஆய்வே இந்தச் சீட்டுக் குலுக்கலில் தவறியது. ஓரிடத்தில் ஆளுக்கு ஆள் குலுக்காமல் ஒரு மருத்துவ நிலையத்தில் இருந்த எல்லோரையும் ஒரே பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். அது வெளிச்சத்துக்கு வந்ததும், கட்டுரையைத் திரும்பப் பெற்று, கணக்கைத் திருத்தி, 2018-ல் மறுபடி வெளியிட்டார்கள். இதயத்துக்கு நல்லதுதான் என்ற முடிவு ஏறக்குறைய அப்படியே நின்றது. தவறை ஒத்துக்கொண்டு திருத்தியதாலேயே எனக்கு அந்த ஆய்வின்மேல் மரியாதை கூடியது.

நம் களி, நம் கூழ்

இனி ராகிக்கு வருவோம். தமிழ்நாட்டில் அதிகம் ராகி விளைவது நம் இரண்டு மாவட்டங்களில்தான். மானாவாரிக் காட்டில் ராகியோடு அவரையும் துவரையும் ஊடுபயிராக நிற்கும். அடுத்துக் கொள்ளு விதைப்பார்கள். அரிசிச் சோறு என்பது பண்டிகைச் சாப்பாடாக இருந்த காலத்தைப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ரேஷன் அரிசி வந்து அதை மாற்றியது. அந்த அரிசி பல வீடுகளில் பசியைத் தீர்த்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இப்போது காற்று திரும்பி வீசுகிறது. ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே வருடம் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி தரும் திட்டமும் வந்தது.

ராகியில் உண்மையில் என்ன இருக்கிறது? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் மாவுச்சத்து சுமார் 67 கிராம். தீட்டிய பச்சரிசியில் 78. நார்ச்சத்து ராகியில் 11 கிராம், அரிசியில் 3-க்கும் கீழே. கால்சியத்தில் ராகி எங்கேயோ இருக்கிறது: 364 மில்லிகிராம், அரிசியில் 10-ஐக்கூடத் தொடாது. புரதம் மட்டும் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான், ஏழெட்டு கிராம். ராகி புரதம் நிறைந்த தானியம் என்று பாக்கெட்டில் அச்சிட்டு விற்பது சரியில்லை.

ராகிக்கு இன்னொரு சிறப்பு, அதன் மேல்தோல் மணியோடு ஒட்டியிருக்கும். சாமை, வரகு போல உமி நீக்கித் தீட்ட வேண்டியதில்லை. அப்படியே முழுசாக அரைக்கலாம். மாவுச்சத்து செரிப்பதை மெதுவாக்கும் பொருட்களும், கால்சியத்தில் பெரும்பங்கும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன. ஆனால் மில்லில் மைபோல அரைத்து, வீட்டில் சலித்து, 'கப்பி' என்று கோழிக்குப் போட்டுவிட்டால் நார்ச்சத்தையும் சேர்த்துத்தான் போடுகிறோம். மாவு எவ்வளவு மென்மையோ, அவ்வளவு வேகமாகச் சர்க்கரையாகி இரத்தத்தில் ஏறும். கொதிநீரில் வெந்து குழைந்தால் இன்னும் வேகம். அதனால்தான் கடைகளில் 'சுகர் உள்ளவர்களுக்கு' என்று விற்கும் மைய அரைத்த ராகிக் கஞ்சி சிலருக்குச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிடுகிறது. அதே ராகியைக் கொரகொரப்பாக அரைத்து, கெட்டியாகக் கிண்டி, கீரையோடும் கொட்டைக் குழம்போடும் சாப்பிட்டால் அது மெதுவாக ஏறும். சாமைக்கும் இது பொருந்தும்: சித்தேரி மலையில் உரலில் குத்திய சாமையும், பளபளவென்று தீட்டிப் பாக்கெட்டில் அடைத்த சாமையும் ஒன்றாகாது.

ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் இருக்கும் இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனத்தார் தலைமையில், சிறுதானியம் பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் ஒரு கட்டுரை வந்தது. தொடர்ந்து சிறுதானியம் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைந்ததாக அது சொல்கிறது. நல்ல செய்திதான். ஆனால் அதில் சேர்ந்த ஆய்வுகள் பலவும் சின்னவை.

இதைவிடப் பெரிதாக ஒன்று சென்னையிலிருந்தே வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் 'இந்தியாப்' என்ற நாடளாவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் கணக்கிட்டது. அதே ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வெளியானது. 1,21,000 பேரின் சாப்பாட்டைப் பார்த்ததில், ஒரு நாளின் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. புரதத்திலிருந்து 12 சதவீதம்தான். அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ அதே அளவுக்கு வைப்பதால் மட்டும் சர்க்கரை நோய் அபாயம் குறையவில்லை என்றும் சொன்னார்கள். மாவுச்சத்தில் ஒரு சின்னப் பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் பொருட்கள் போன்ற புரதத்தைச் சேர்த்தால் அபாயம் குறைகிறது.

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் தட்டுதான் ஞாபகம் வந்தது. களி நடுவில் இருக்கும். சுற்றிலும் மொச்சைக்கொட்டைக் குழம்போ, கொள்ளுக் கடைசலோ, புளிச்சகீரையோ தாராளமாக இருக்கும். 100 கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். அது சாப்பிட்டுவிட்டு அவர் நாள் முழுக்கக் காட்டில் களை எடுத்தார். 'தாத்தன் பாட்டனுக்குச் சுகரா இருந்துச்சு?' என்று கேட்கிறவர்கள் அந்தத் தட்டிலிருந்து உருண்டையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குழம்பு தண்ணியாகிவிட்டது. களை எடுப்பது நின்று, ஓசூர் கம்பெனியில் ஷிப்டுக்கு உட்காருவது வந்துவிட்டது.

மாம்பழம் பற்றிப் பேசாமல் கிருஷ்ணகிரியைத் தாண்ட முடியாது. மே, ஜூனில் சந்தை முழுக்க அல்போன்சாவும் செந்தூராவும். லாரி லாரியாகப் பெங்களூரா ரக மாங்காய் மாங்கூழ்த் தொழிற்சாலைக்குப் போகும். சுகர்காரர்கள் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். 2025-ல் டெல்லியில் வெளியான ஒரு சின்ன ஆய்வில், 35 சர்க்கரை நோயாளிகள் எட்டு வாரம் காலை உணவில் ரொட்டிக்குப் பதிலாக 250 கிராம் மாம்பழம் சாப்பிட்டார்கள். சர்க்கரை ஏறவில்லை, கொஞ்சம் குறையவே செய்தது. 'பதிலாக' என்ற சொல்தான் முக்கியம். இட்லி நாலும் தின்றுவிட்டு மேலே ஒரு பழம் என்றால் கணக்கு வேறு.

உப்பும் தண்ணீரும்

அரிசியை எல்லாவற்றுக்கும் எதிரியாக்குகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போன வால்டர் கெம்ப்னர் என்ற மருத்துவர், 1939 வாக்கில் கடும் இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உள்ளவர்களுக்கு வெறும் வெள்ளைச் சோறும் பழமும் சர்க்கரையும் மட்டும் கொடுத்தார். இரத்த அழுத்தத்துக்கு உருப்படியான மாத்திரை இல்லாத காலம் அது. பலருக்கு அழுத்தம் இறங்கியது. வீங்கிய இதயம் சுருங்கியதை எக்ஸ்ரேயில் காட்டினார். காரணம், அந்தச் சாப்பாட்டில் உப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒரு நோய்க்கு ஆகாத தானியம் இன்னொரு நோயில் உயிரைக் காத்தது. ஒப்பிட இன்னொரு கூட்டம் இல்லாததும், அந்தச் சப்பென்ற சாப்பாட்டை யாராலும் நீண்ட நாள் தாங்க முடியாததும், பின்னால் மாத்திரைகள் வந்ததும் சேர்ந்து அந்த வைத்தியத்தை ஓரங்கட்டின.

பிற்பாடு கேள்வியைச் சரியாகக் கேட்டார்கள். 1997-ல் 'டேஷ்' என்ற அமெரிக்க ஆய்வு, உப்பின் அளவை மாற்றாமலே காய், பழம், கொழுப்பு நீக்கிய பால் பொருட்கள் ஆகியவற்றைக் கூட்டிக் கொடுத்து, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு எட்டே வாரத்தில் மேல் அளவை 11 புள்ளி குறைத்துக் காட்டியது. ஒரு மாத்திரைக்குச் சமம். சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து நடந்து 2021-ல் முடிவு வந்த ஆய்வில், வீட்டு உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் அந்த உப்பு ஆகவே ஆகாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடக்கூடும். நம் வீடுகளில் கூழுக்கு ஊறுகாய், மோர்மிளகாய், களிக்குக் கருவாட்டுக் குழம்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு நாள் உப்பு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். இரண்டு துண்டு ஊறுகாயிலேயே அதில் நல்ல பங்கு போய்விடும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு நாள்பட்ட நோய் தண்ணீரிலிருந்து வந்தது. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரில் பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வருகிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டிய ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் காவிக்கறை. பெரியவர்களுக்கு மூட்டு இறுகி, குனிய முடியாமல், முதுகு வளைந்துபோகும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் செறிவாகும். 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே போடப்பட்டது.

இங்கேயும் உணவுக்கு ஒரு பங்கு உண்டு. கால்சியம் போதுமான அளவு இருந்தால் குடலிலேயே ஃபுளோரைடைப் பிடித்து வெளியேற்றிவிடும். ராகியும் மோரும் கீரையும் இந்த வகையில் நமக்கு உண்மையான துணை. கடுந்தேநீரும் கருப்பு உப்பும் ஃபுளோரைடைக் கூட்டும். அதற்காக எல்லாப் பழைய தானியமும் நல்லது என்று சொல்லிவிட முடியாது: 1970-களில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் பார்த்தபோது, அரிசி சாப்பிட்டவர்களைவிடச் சோளம் சாப்பிட்டவர்களின் உடம்பில் ஃபுளோரைடு அதிகமாகத் தங்கியது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எலும்பில் ஏறி இறுகிய ஃபுளோரைடை எந்தச் சாப்பாடும் இறக்காது. தண்ணீரை மாற்றுவதுதான் வைத்தியம். உணவு அதற்குப் பக்கபலம்.

தமிழ்நாட்டில் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில், இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 10.8 சதவீதம் பேருக்கும்தான் நோய் கட்டுக்குள் இருந்தது. அடுத்த வருடம், 2021 ஆகஸ்ட் 5-ல், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கப்பட்டது. தொடங்கிய இடம் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி. வாசலுக்கு வருகிற அந்தச் சகோதரி அடுப்படியையும் எட்டிப் பார்த்து, "எத்தனை உருண்டைங்கம்மா, தொட்டுக்க என்ன?" என்று கேட்கும் நாள் வரவேண்டும் என்பது என் ஆசை. டைரக்ட்டிலும் சரி, சென்னை ஆய்விலும் சரி, வேலை செய்தது ஒரு பட்டியல் தாளில் இருந்த அறிவுரை இல்லை. விடாமல் தொடர்பில் இருந்து பேசிய ஒருவர் இருந்தார்.

பெரியப்பாவின் புண் ஆற நான்கு மாதம் ஆனது. விரல் தப்பியது. இப்போது மதியம் ஒரு உருண்டை, இரண்டு கரண்டி அவரைக்கொட்டைக் குழம்பு, தட்டில் பாதிக்குக் கீரையோ காயோ. சாப்பிட்டதும் படுக்காமல் மாட்டைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வரைக்கும் ஒரு நடை. இரண்டு மாத்திரையில் ஒன்றை டாக்டரே பாதியாக்கியிருக்கிறார், மற்றது தொடர்கிறது. பெரியம்மா மாவு சலிப்பதை விட்டுவிட்டார். கை அளவுக்குப் போட்டுக் கிண்டியவர், இப்போது அளப்பதற்கென்றே ஒரு டம்ளரை மாவு டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறார்.